"வண்டி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஓட்டுநர் இல்லாத கார்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழில் இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. கார் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கிறது, நம் கண்ணைவிடத் தெளிவாகப் பார்க்கிறது, அதனால் பாதுகாப்பானது என்று ஓர் இடம். நம் ஊர் ரோட்டுக்கு இதெல்லாம் ஒருநாளும் சரிப்படாது என்று கடைசிப் பத்தி. இரண்டுமே தப்பு என்று நினைக்கிறேன். பார்ப்பதுதான் ஓட்டுவது என்று எடுத்துக்கொண்டதால் வந்த தப்பு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் அலுவலகத்தில் இந்தக் கார்களுக்காக பாக்ஸ் போடும் வேலை ஐந்து வருடமாகச் செய்கிறேன். இன்ஜினியர் இல்லை. வெளிநாட்டுத் தெருக்களில் ஓடிய சோதனைக் கார்கள் பதிவு செய்ததை எங்களுக்கு அனுப்புவார்கள், இது கார், இது ஆள், இது சைக்கிள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைந்து பெயர் கொடுப்பது எங்கள் வேலை. அதை வைத்துத்தான் அந்த மென்பொருள் கற்றுக்கொள்கிறது. அப்பா பல்லவன் காலத்தில் டிரைவராகச் சேர்ந்து மாநகரப் பேருந்தில் ரிட்டயர் ஆனவர், அதிக வருடம் ஓட்டியது 29சி, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர். நான் திரையில் பார்த்ததும் அப்பா ஸ்டியரிங்கில் பார்த்ததும் ஒன்றாக இருப்பதைக் கவனித்த பிறகுதான் இந்த விஷயமே எனக்குப் புரிந்தது, அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தக் காருக்குத் தெரிவது படம் மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கறுப்புத் திரையில் பெரும்பாலும் லட்சக்கணக்கான புள்ளிகள்தான். காரின் தலையில் இருக்கும் லைடார் என்ற கருவி லேசர் ஒளியை விட்டு விட்டு அனுப்புகிறது, அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எத்தனை நேரம் ஆனது என்று அளக்கிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும், அதை அளக்கும் அளவுக்கு நுணுக்கமான கடிகாரம் உள்ளே இருக்கிறது. பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. ரேடார் தனியாக இருக்கிறது, எதிரே வருவது எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று நேரடியாகச் சொல்லிவிடும், மழையிலும் ஓரளவு தாங்கும், ஆனால் உருவம் தெளிவாக இருக்காது. கேமராவுக்கு சிக்னலின் நிறம் தெரியும், முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் தெரியும், தூரத்தை அதுவாகத்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பொருத்தினால்தான் "25 மீட்டர் தள்ளி ஒரு பைக், மணிக்கு 30 கிலோமீட்டர், கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்குகிறது" என்று ஒரு வரி கிடைக்கும். இப்படிச் சுற்றி இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, நொடிக்குப் பத்து முறை புதுப்பிக்க வேண்டும்.

சரி, இதுவரை பார்ப்பது. கட்டுரையும் இதோடு நின்றுவிட்டது.

பார்க்க முடியாத இடத்தை என்ன செய்வது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒரு தண்ணி லாரி ரோட்டோரம் நிற்கிறது. லாரிக்கு அந்தப் பக்கம் லேசர் போகாது. திரையில் லாரிக்குப் பின்னால் நீளமாக ஒரு கறுப்பு நிழல் விழும், புள்ளியே இல்லாத இடம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதைக் காலி இடம் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். காலி ரோட்டில் லேசர் தரையில் பட்டுத் திரும்பும், தரைப் புள்ளிகள் கோடு கோடாகத் தெரியும். தரைப் புள்ளிகூட இல்லையென்றால் அந்த இடத்தைப் பற்றி காருக்கு ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம். காலி என்பதும் தெரியாது என்பதும் அவசரத்தில் பார்த்தால் திரையில் ஒரே கறுப்பாகத் தோன்றலாம், ரோட்டில் இரண்டுக்கும் ஓர் உயிர் வித்தியாசம்.

இதை இன்றைக்கு நேற்று கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக், ஆல்பர்ட்டோ எல்ஃபெஸ் இருவரும் 1980-களின் நடுவிலேயே இதற்கு ஒரு வழி கொடுத்தார்கள். ரோபோவைச் சுற்றியுள்ள தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரி. ஒவ்வொரு கட்டத்திலும் எதாவது இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் எழுது. ஆரம்பத்தில் எல்லாக் கட்டத்துக்கும் பாதிக்குப் பாதி, அதாவது தெரியாது. அளவு வர வர, சில கட்டங்கள் "இருக்கிறது" பக்கம் ஏறும், சில "காலி" பக்கம் இறங்கும், யாரும் எட்டிப் பார்க்காத கட்டம் பாதியிலேயே நிற்கும். இன்றைக்கு இருக்கும் முறைகள் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் தெரியாததற்கு என்று ஓர் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

அப்பா இதைக் கட்டம் போடாமல் செய்தார். சின்ன வயசில் அவர் ஓட்டும் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு போயிருக்கிறேன். புரசைவாக்கம் ஹை ரோட்டில் ஒரு லாரி நின்றால் அவர் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து தானாக எடுபட்டு பிரேக்குக்கு மேலே போய் நிற்கும். மிதிக்க மாட்டார், சும்மா வைத்திருப்பார். யாரும் இல்லையேப்பா என்று ஒருநாள் கேட்டேன். "லாரிக்கு அடியில பாரும்மா, கால் தெரியுதா?" என்றார். குனிந்து பார்த்தால் நிஜமாகவே இரண்டு கால், செருப்போடு. அந்த ஆள் லாரியின் முன்பக்கமாக வந்து எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் மெதுவாகிவிட்டிருந்தது.

இருபது வருடம் கழித்து அதே காலைத் திரையில் பார்த்தேன். எந்த நாட்டுத் தெருவோ தெரியாது, டெலிவரி வேன் ஒன்று நிற்கிறது, வேனுக்கு அடியில் நாலைந்து புள்ளிகள். முந்தைய ஃப்ரேமில், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் எடுத்த பதிவில், அவை இல்லை. அடுத்த ஃப்ரேமில் கொஞ்சம் நகர்ந்திருந்தன, ஐந்து ஃப்ரேம் தள்ளிப் பார்த்தால் முக்கால் மீட்டர் போயிருந்தன. ஒரு நொடியில் பாதி நேரம் அது, ஆள் நடக்கும் வேகம். வேனின் முன்பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. அந்த நாலு புள்ளியைச் சுற்றி "ஆள், பெரும்பாலும் மறைந்திருக்கிறார்" என்று பெட்டி போட்டபோது எனக்குக் கை நடுங்கியது, பொய்யில்லை.

கால் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால்? அதற்குத்தான் மென்பொருளில் திட்டமிடும் பகுதி என்று ஒன்று இருக்கிறது. நல்ல முறையில் எழுதப்பட்ட மென்பொருள், அந்தக் கறுப்பு நிழலின் ஓரத்திலிருந்து ஒருவர் அடுத்த நொடி வெளியே வரலாம் என்று வைத்துக்கொண்டு, அப்படி வந்தால் நிற்க முடிகிற வேகத்துக்கு இப்போதே இறங்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் தாண்டிவிடும், 25-க்கு இறங்கினால் 7 மீட்டர்தான், பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ பாதிக்கும் கீழே போய்விடும். கார்களுக்கான கேமரா, மென்பொருள் செய்யும் மொபைல்ஐ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் தானியங்கிக் கார்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று சில விதிகளைக் கணக்காக எழுதி வெளியிட்டார்கள், அதில் ஒன்று பார்வை மறையும் இடத்தில் எச்சரிக்கையாக இரு என்பது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது, வழி என்பது மற்றவர் கொடுப்பது, நாமாக எடுத்துக்கொள்வது கிடையாது என்பது.

கண் நன்றாகத் தெரிந்தும் விபத்து நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் எழுத வேண்டும், கட்டுரையில் இது இல்லாதது பெரிய குறை. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணி மேல் மோதி, அவர் இறந்துபோனார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. 5.6 நொடி! அப்பா போன்ற ஒருவர் பஸ்ஸையே நிறுத்தி, ஆளை அனுப்பிவிட்டு, மறுபடி எடுத்திருப்பார். ஆனால் அந்த மென்பொருள் அவரை முதலில் ஒரு வாகனம் என்றது, அப்புறம் ஏதோ பொருள் என்றது, அப்புறம் சைக்கிள் என்றது, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் அதுவரை அவர் எந்தத் திசையில் நகர்ந்தார் என்ற கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. அதனால் அவர் குறுக்கே வந்துகொண்டிருக்கிறார் என்பதே அதற்குக் கடைசி நொடி நெருங்கும்வரை உறைக்கவில்லை. நடப்பவர்கள் ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்திலும் கடப்பார்கள் என்ற நினைப்பே அந்த அமைப்பில் வைக்கப்படவில்லை. உள்ளே கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் டீம் லீட் சொன்னது இதுதான்: லேபிள் மாறலாம், ட்ராக் ஐடி, அதாவது ஒருவரைத் தொடர்ந்து கவனிக்கக் கொடுத்த எண், மாறக் கூடாது. தூரத்தில் பைக் என்று நினைத்தது பக்கத்தில் வந்ததும் சைக்கிள் என்று தெரிந்தால் பெயரை மாற்றிக்கொள், ஆனால் அது அதே ஆள்தான், பழைய எண்ணையே கொடு, அவர் நடந்து வந்த வழி அறுந்துபோகக் கூடாது. எதிரே வருவது என்னவென்று தெரியாவிட்டாலும் எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

இன்னொன்றும் நடந்தது. 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோவில், வேறொருவர் ஓட்டிய கார் ஒரு பெண்ணை இடித்து க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் கார் முன்னால் தள்ளிவிட்டது. அது பிரேக் போட்டும் அவர் மேல் மோதி நின்றது. அதோடு நின்றிருக்கலாம். பக்கவாட்டில் ஏதோ இடித்திருக்கிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டு, ஓரமாக ஒதுங்கி நிற்கும் வேலையைச் செய்தது, அடியில் ஆள் இருக்கிறார் என்று தெரியாமலே. ஆறு மீட்டர் இழுத்துக்கொண்டு போயிற்று. கண் முன்னால் இருந்தவர் கண்ணுக்கு மறைந்ததும் அதன் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டார். கொஞ்சம் முன்னால் இங்கே ஓர் ஆள் இருந்தாரே, எங்கே போனார் என்று கேட்கத் தெரியாத வண்டி, எத்தனை கேமரா வைத்திருந்தும் என்ன?

அடுத்து, நம் ஊருக்குச் சரிப்படாது என்ற பேச்சு. 2004-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் தானியங்கி வண்டிகளுக்கு முதல் போட்டி வைத்தபோது ஒன்றுகூட முடிக்கவில்லை, அதிகமாகப் போனதே 12 கிலோமீட்டர்கூட இல்லை. அடுத்த வருடம் ஐந்து வண்டிகள் முழுத் தூரமும் முடித்தன. 2020-லிருந்து ஃபீனிக்ஸ் நகர வட்டாரத்தில் வேமோ என்ற நிறுவனத்தின் கார்கள் டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒருநாளும் நடக்காது என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். ஆனால் அங்கே ஓடியது இங்கே அப்படியே ஓடும் என்பதும் சரியில்லை, அது எனக்கு என் வேலையிலேயே தெரியும். எனக்குக் கொடுத்த பட்டியலில், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்குப் பெயரே இல்லை. ஆட்டோவுக்கும் இல்லை. ஹைதராபாத் ஐஐஐடி 2018-ல் ஹைதராபாத், பெங்களூரு ரோடுகளில் படம் பிடித்து, ஆட்டோ ரிக்ஷாவுக்கும் விலங்குக்கும் தனிப் பெயர் கொடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டது, அது நல்ல ஆரம்பம். சென்னைக்கு அதைவிட நிறைய வேண்டும்.

மார்கழி மாதம் விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் பெரம்பூர் தெருவுக்கு வந்து பாருங்கள். பத்து வாசலிலாவது பெண்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், இருட்டு, பனி வேறு. லேசருக்கு அது முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு குவியல், ஓரமாக வைத்த சாக்கு மூட்டை மாதிரி. மூட்டை நகராது. கோலம் போடுகிற பெண் திடீரென்று எழுந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, திரும்பாமலே இரண்டு அடி பின்னால் வைப்பாள், ரோட்டின் நடுவுக்கு. எங்கள் தெருவில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்கள் அம்மாவும் அப்படித்தான் பின்னால் நடந்தாள். இந்த ஓர் அறிவு அந்த வண்டிக்குள் போக வேண்டுமென்றால் யாராவது ஆயிரம் மார்கழி விடிகாலையைப் பதிவு செய்து, உட்கார்ந்து பெட்டி போட வேண்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தல் தெருவில் பாதியை அடைத்துவிடும், மேப்பில் இருக்காது. இப்படி எவ்வளவோ.

எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து நின்றாலும் ஆகாது. மூலக்கடை சந்திப்பில் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். 2010-லேயே ஆராய்ச்சியாளர்கள் இதற்கு உறைந்துபோகும் ரோபோ என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள், கூட்டத்துக்குள் எல்லாப் பாதையும் ஆபத்து என்று கணக்குப் போட்டு அசையாமல் நின்றுவிடும். அப்பா பஸ்ஸின் மூக்கை ஒரு முழம் நீட்டுவார். எதிரே வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தால் நிறுத்துவார், வேகம் குறைத்தால் இன்னொரு முழம். நான் இப்படிச் செய்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டுக் கேட்டு முன்னேறுவது. மற்றவர் நகர்வை மட்டும் ஊகித்தால் போதாது, என் நகர்வைப் பார்த்து அவர் எப்படி மாறுவார் என்பதையும் சேர்த்து ஊகிக்க வேண்டும், இந்தத் துறையில் கஷ்டமான பகுதிகளில் இது ஒன்று. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் டிரைவர் இல்லாத ரயில் வருகிறதே என்பார்கள். தண்டவாளத்தில் யாரும் குறுக்கே வராதபடி முதலிலேயே அடைத்துவிட்டார்கள், அது வேறு கணக்கு.

டிரைவர்களின் வேலை போய்விடும் என்பதால் இந்தியாவுக்குள் விட மாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே சொன்னார். டிரைவர் வீட்டுப் பெண்ணாக எனக்கு அந்தக் கவலை புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள், அரசின் கணக்கே அது. அதையும் பார்க்க வேண்டும்.

முழுத் தானியங்கிக் கார் வருகிறதோ இல்லையோ, பாதி வந்துவிட்டது, நான் எழுத வந்ததே இதற்குத்தான். இப்போது நம் ஷோரூம்களில் விற்கிற எத்தனையோ கார்களில் அடாஸ் என்று ஒன்று இருக்கிறது, தானாக பிரேக் போடும், கோட்டுக்குள் வைத்திருக்கும், முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். என் சித்தி மகன் போன வருடம் அப்படி ஒன்று வாங்கினான். சாவி கொடுத்தபோது விற்பனைக்காரர் சொன்னது ஒரே வரி: "வண்டி தானா பாத்துக்கும் சார்." இரண்டு மாதம் கழித்து மதுரவாயல் பைபாஸில் ஒரு மாலை, மழை. ஒரு பைக் குறுக்கே நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது, நம் ஊரில் நிமிஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான், அப்பாவாக இருந்தால் காலை லேசாக எடுத்துவிட்டுப் போயிருப்பார். வண்டி முழு பிரேக் போட்டது. பின்னால் வந்த டெலிவரி பையன் வந்து மோதி விழுந்தான், முழங்கால் எலும்பில் விரிசல். அவனுக்கு ஒன்றரை மாதம் வருமானம் இல்லை. தம்பிதான் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தான், இன்னும் அதைப் பற்றிப் பேசினால் முகம் வாடிவிடும்.

அந்தக் காரில் அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஒருநாள் பேசின் பிரிட்ஜ் பக்கம் போனோம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் சுற்றி இருக்கும் வண்டிகள் பொம்மை பொம்மையாக வரும். முன்னால் போன குட்டி யானை லாரியாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்த ஆட்டோ கார் ஆனது, மறைந்தது, மறுபடி பைக்காக வந்தது. அப்பா கொஞ்ச நேரம் திரையையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அந்த மீன்பாடி வண்டி எங்கடா?" என்று கேட்டார். எங்களுக்கு எட்டு அடி முன்னால் கம்பி ஏற்றிக்கொண்டு ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார், கம்பி பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. திரையில் அந்த இடம் வெறும் ரோடு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள், உங்கள் வழியாகப் போக்குவரத்துத் துறைக்கும். இந்த வசதி உள்ள கார் விற்கும்போது அது எதையெல்லாம் செய்யும் என்று விளம்பரம் பண்ணுகிறார்கள், எதை அடையாளம் காணாது, எந்த மழையில், எந்த வெளிச்சத்தில், எந்த வேகத்துக்கு மேல் வேலை செய்யாது என்பதையும் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கட்டும். ஆங்கிலக் கையேட்டின் முந்நூறாவது பக்கத்தில் போட்டுவிட்டோம் என்று சொல்லக் கூடாது. நீங்களும் இனிமேல் ஒரு காரைப் பற்றி எழுதும்போது எத்தனை கேமரா என்று கேட்பதோடு, நிற்கிற லாரிக்குப் பின்னால் என்ன இருப்பதாக அது நினைக்கிறது என்றும் அந்த நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள்.

நம் ரோட்டில் எதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று பட்டியல் தேவைப்பட்டால் சொல்லுங்கள். நானும் அப்பாவும் உட்கார்ந்து எழுதித் தருகிறோம், அவர் ஏற்கெனவே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினேழு எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை